கோவார்டு வீடு

14.6.2005
சிறையிலிருந்து

மாரிச்செல்வத்துக்கு,

தரணீதரன் எழுதுவது. மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன் என்று நினைத்தால் இந்த வரியோடு கிழித்துப் போட்டுவிடு. "லெட்டர் கிட்டர் எழுதிக் காரியத்தைக் கெடுத்துராதீங்க" என்று வக்கீல் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் தெரியாமல் இங்கே சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

அந்தச் சட்டையை எனக்குக் கொடுத்தபோது அதில் எழுதியிருந்ததற்கு அர்த்தம் உனக்குத் தெரியுமா, தெரியாதா?

முதலிபாளையத்தில் என் மாமாவின் பனியன் கம்பெனியில் நான் சூப்பர்வைசர், நீ பிரிண்டர். அந்த வித்தியாசத்தை ஒரு நாளாவது உன்னிடம் காட்டியிருக்கிறேனா? அம்மா கட்டிக்கொடுத்த சோற்றில் பாதி உனக்குத்தான் போனது. அந்த இங்கிலாந்து ஆர்டர் வந்ததிலிருந்து உனக்குத் தலைகால் புரியவில்லை. நெஞ்சில் வெள்ளைக்காரர்களின் குடும்பப் பெயர், முதுகில் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, என்ன அர்த்தம், எத்தனை பேருக்கு இருக்கிறது என்று நாலு வரி. அடிக்க அடிக்க ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன்.

ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்கு முந்தின நாள் ரிஜெக்ட் மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்து மடித்து வந்து கொடுத்தாய். "தரணிண்ணே, இது உங்களுக்குன்னே வந்த பேரு. கோவார்டு. மாடு மேய்க்கிறவங்க பேராம். நாளைக்கு இதைப் போட்டுக்கிட்டு வண்டியில ஏறுங்க" என்றாய். வீட்டில் அப்பாவிடம் காட்டினேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப வெள்ளக்காரங்களுக்கும் நம்மளாட்டக் குலம், கூட்டம் இருக்குதா கண்ணு? ஒரே கூட்டத்துல பொண்ணெடுக்க மாட்டாங்கல்ல?" என்று கேட்டார்.

மறுநாள் என் வண்டி தோற்றது. அதை விடு. மைக் என் அத்தை மகன் கந்தவேலின் கையில் இருந்தது. கோயம்புத்தூரில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன். நான் இறங்கி மாட்டைப் பிடித்துக்கொண்டு வரும்போது நெஞ்சில் என்ன பேர் என்று கேட்டான், கோவார்டு என்றேன். "அது கோவார்டு இல்லீங்க மாப்ள, கவர்டு. கவர்டுன்னா கோழைங்க. தோக்கறதுக்கு முன்னாலயே எழுதி மாட்டிட்டு வந்துட்டாருங்க" என்று மைக்கிலேயே சொன்னான். எட்டு ஊர் சனம் சிரித்தது. என் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நின்றார்.

அங்கிருந்து நேராகக் கம்பெனிக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமில் நீ இருந்தாய். மீதி உனக்குத் தெரியும்.

கேட்டதற்குப் பதில் எழுது.

தரணீதரன்


25.6.2005
கழுகுமலை

தரணீதரன் அவர்களுக்கு,

இது இடது கை எழுத்து. கோணலாகத்தான் வரும்.

தெரியாது. இதுதான் பதில்.

அன்றைக்கே கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை. "மாரி, கொஞ்சம் கையைக் காட்டுங்க" என்றீர்கள். பந்தயத்தில் ஜெயித்து ஏதோ வாங்கி வந்திருக்கிறீர்கள் என்று நினைத்து நீட்டினேன். சூடேற்றி ஸ்டிக்கர் ஒட்டுகிற பிரஸ்ஸில் அதை வைத்து மேல்தட்டை இறக்கினீர்கள். நான் அலறியபோது "கத்தாதீங்க" என்றீர்கள். அதையும் மரியாதையாகத்தான் சொன்னீர்கள்.

நாய்க்குட்டிக்குக்கூட ங்க போடுகிற ஊர் என்று என் மனைவி நாகஜோதியிடம் உங்கள் ஊரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வேன். கடிதத்தில் இப்போது நீ, உன் என்று இறங்கிவிட்டீர்கள்.

நடுவிரலும் மோதிர விரலும் ஒட்டிக்கொண்டன. கட்டைவிரல் மடங்காது. தோல் உரிந்த இடத்தில் ஈ உட்கார்ந்தால் நாகஜோதிதான் விசிறுகிறாள்.

இனி எழுத வேண்டாம்.

மாரிச்செல்வம்


8.7.2005
சிறையிலிருந்து

மாரி,

எழுத வேண்டாம் என்றால் எழுதாமல் இருந்துவிடுவேனா?

தெரியாது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாய். நான் நம்பவில்லை. மற்ற எல்லாச் சட்டைக்கும் முதுகில் நாலு வரி இருந்தது. எனக்குக் கொடுத்ததில் மட்டும் முதுகு மொட்டை. மாடு மேய்ப்பவன் என்று முதுகில் இருந்திருந்தால் திரும்பி நின்று கந்தவேலின் மூஞ்சிக்கு நேரே காட்டியிருப்பேன். நெஞ்சில் கோழை என்று போட்டு, முதுகில் ஒன்றும் இல்லாததாகப் பார்த்துத் தேடி எடுத்திருக்கிறாய்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். மேல்தட்டை இறக்கியபோது எனக்குப் பாவமாக இல்லை. நிம்மதியாக இருந்தது. மைதானத்துச் சிரிப்பு அப்போதுதான் என் காதை விட்டுப் போனது. சதை கருகுகிற வாடை வந்த பிறகும் பிடியை விடவில்லை. சிவராத்திரி வரைக்கும் இங்கே உட்கார வைத்தாலும் இதைத்தான் சொல்வேன்.

இப்போது விஷயம் வேறு. நேற்று அம்மா பார்க்க வந்தாள். அழுதுகொண்டே சொன்னாள். எங்கள் மயிலைக் காளையின் பின்னங்கால் நரம்பை யாரோ வெட்டியிருக்கிறார்கள். கட்டுத்தரையில் ரத்தத்தில் படுத்துக்கொண்டு அது பாட்டுக்குச் சோளத்தட்டை மென்றுகொண்டிருந்ததாம். கன்றிலிருந்து நான் வளர்த்த மாடு. ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று மாட்டு டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பா விடவில்லை. கறிக்கு விலை கேட்டு வந்த லாரிக்காரனைக் கவைக்கோலால் அடித்து மண்டையை உடைத்துவிட்டாராம். சிறைக்கு ஒரு தடவைகூட என்னைப் பார்க்க வராத மனுஷன், மாட்டுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார்.

உன் தம்பி அருண்பாண்டியை முந்தின நாள் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாக எங்கள் தோட்டத்து ஆள் கிட்டுசாமி சொல்கிறான். மாடு உங்களை என்ன செய்தது?

இங்கே கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். அதனால் மேற்கொண்டு எழுதவில்லை. உன் தம்பிக்கு இரண்டு கையும் சௌகரியமாக இருக்கிறதா என்று மட்டும் விசாரித்ததாகச் சொல்.

தரணீதரன்


19.7.2005
கழுகுமலை

தரணி,

இனி நானும் நீ, உன்தான். நீ இறங்கிய படியில் நானும் இறங்கிக்கொள்கிறேன்.

முதுகு ஏன் மொட்டை என்று கேட்கிறாய். பிரிண்டிங் சூப்பர்வைசர் கேட்கிற கேள்வியா இது? தைத்து முடித்த சட்டையில் அடிக்கிற ஆர்டர். நெஞ்சு முதலில், அது காய்ந்த பிறகு முதுகு. நெஞ்சு கெட்டுப்போனால் முதுகுக்கு யார் இங்க் செலவு செய்வார்கள்? உன் சட்டையில் கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் கடுகளவு இங்க் சிந்தியிருந்தது. அதைப் பார்த்து, சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு மூட்டையில் எறிந்தது நீ. யோசித்துப் பார்.

அர்த்தம் எனக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் கேட்டுக்கொள். ஆர்டரைப் பார்த்துக்கொண்ட இந்துமதி மேடம் டேபிளுக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொரு பெயராகக் கேட்பேன். டையர் என்றால் சாயம் போடுகிறவர். வாக்கர், ஃபுல்லர், டக்கர் மூன்று பேரும் ஒரே தொழில், நெய்த துணியைத் தண்ணீரில் போட்டு மிதிக்கிறவர்கள். வெள்ளைக்காரனும் பனியன் கம்பெனி ஆள்தானா என்று எனக்கு ஒரே சந்தோஷம். இந்தப் பெயரைக் காட்டி இது என்ன என்றேன். அவர் சிரித்துவிட்டு, "மாடு மேய்க்கிறவர்னு போட்டிருக்கு மாரி. பாவம், பேரைப் பாருங்க" என்றார். அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது. மாடு மேய்த்தால் என்ன பாவம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கவர்டு என்ற சொல்லைச் சினிமாவில் நானும் கேட்டிருக்கிறேன். எழுத்தில் அது இப்படி இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் கோ என்று படித்தேன். கோ என்றால் பசு என்று எட்டாம் வகுப்புத் தமிழ் வாத்தியார் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வார்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறது. மாடுகளைப் பார்த்துக்கொள்கிற வார்டு, கோவார்டு. சரியாகத்தானே வருகிறது? நீயும் அப்படித்தான் படித்தாய். உன் அப்பாவும் அதை அப்படியே நம்பிச் சந்தோஷப்பட்டார் என்று எழுதியிருக்கிறாய். மூன்று பேர் சேர்ந்து தப்பாகப் படித்ததற்கு ஒரே ஒருவன் கை வெந்தது.

சிறையில் பிரித்துப் படிப்பார்கள் என்பதால் இதை ஒட்டிய உறையில் வைத்து உன் அம்மா பெயருக்கு அனுப்புகிறேன். மாட்டு விஷயம் உன் கடிதம் வந்துதான் எனக்குத் தெரியும். அருண்பாண்டியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆமாண்ணே, நாந்தான். மாட்டை வச்சுத்தானண்ணே அவனுக்கு அம்புட்டுத் திமிரு" என்றான். ஓங்கி அறைந்தேன். இடது கையால் நான் ஒழுங்காகச் செய்த முதல் வேலை அதுதான். அவன் உதட்டில் ரத்தம் வந்தது. திருப்பி அடிக்கவில்லை, சிரித்தான். கொல்லன் பட்டறையில் புதிதாக அடித்து வாங்கிய அரிவாளை எடுத்துக் காட்டினான். "இது மாட்டுக்கு இல்லண்ணே. அவன் வெளிய வரட்டும்."

அதனால் சொல்கிறேன், ஜாமீன் கேட்காதே. உள்ளேயே இரு. உன் மேல் உள்ள பாசத்தில் சொல்லவில்லை. நீ செத்தால் நான் பொங்கல் வைப்பேன். ஆனால் அவன் தாயில்லாப் பிள்ளை. நான் தூக்கி வளர்த்தவன். உன்னை வெட்டிவிட்டு அவன் ஆயுசு முழுக்க உள்ளே கிடக்க வேண்டுமா? எங்கள் வீட்டில் ஒரு கை போனதே போதும்.

பதில் எழுதினால் வீட்டுக்கு எழுதாதே. அவன் பிரித்துவிடுவான். நாகஜோதி வேலை செய்கிற தீப்பெட்டி ஆபீஸ் முகவரி கீழே இருக்கிறது.

மாரிச்செல்வம்


12.8.2005
பொங்கலூர்

மாரி,

ஜாமீன் கிடைத்துவிட்டது. உன் கடிதம் வருவதற்கு முன்பே மாமா மனு போட்டுவிட்டார். வந்திருந்தாலும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன்.

சாக்பீஸ் விஷயம் நினைவுக்கு வந்தது. பெருக்கல் குறி போட்டது நான்தான். அது சட்டையின் உள்பக்கம் இருந்தது, போட்டுக்கொள்ளும்போது நானே தட்டிவிட்டேன். நீ சொல்வதை நம்புகிறேன். முதல் கடிதத்திலேயே நம்பியிருப்பேன். நம்பினால் ஒன்றும் தெரியாதவனின் கையைப் பொசுக்கியவன் என்று ஆகிவிடுவேன். அதற்குப் பயந்துதான் நம்பாமல் இருந்தேன்.

ஊரில் என் பெயர் போய்விட்டது. கவர்டு வந்துட்டாருங்க, கவர்டு டீ சாப்பிடறீங்களா என்கிறார்கள். வந்த வாரத்திலேயே பல்லடம் பஸ்ஸில் கண்டக்டர், "கவர்டெல்லாம் எறங்குங்க" என்றான். ங்க போட்டுத்தான் சொன்னான். அவன் மூக்கில் குத்தினேன். விசில் வாயிலேயே உடைந்து உதட்டைக் கிழித்தது. மாமா பேசி முடித்துவைத்தார்.

கொஞ்ச நாள் தாராபுரத்தில் சின்னம்மா வீட்டில் போய் இரு என்று எல்லோரும் சொல்கிறார்கள். உன் தம்பி வரப்போவது தெரிந்து நான் ஒளிந்தால், அந்தச் சட்டையை நானே காசு கொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்ட மாதிரி ஆகாதா? போக மாட்டேன்.

உன் தம்பி அவரிடம் சொல். அவர் வேண்டாம், அவனிடம் சொல். தினம் பொழுது சாயும்போது கட்டுத்தரையில் மயிலைக்குப் புண் கழுவிக்கொண்டிருப்பேன். தனியாகத்தான் இருப்பேன். என் பக்கத்திலும் அரிவாள் இருக்கும். வரட்டும். யார் தலை உருளுகிறது என்று பார்த்துவிடலாம்.

தரணீதரன்


20.8.2005
கழுகுமலை

தரணி,

இதை உட்கார்ந்து படி.

நீ சொன்னதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அதற்குப் பதிலாக இந்துமதி மேடத்துக்குப் போன் செய்து, உன் சட்டையின் முதுகில் வந்திருக்க வேண்டிய வரிகளைக் கேட்டேன். அவர் தமிழில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

"மாடு என்ற பழைய ஆங்கிலச் சொல்லும் மேய்ப்பவர் என்ற சொல்லும் சேர்ந்து உண்டான பெயர். ஊர் மாடுகளை ஓட்டிப்போய், காத்து, திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பவருக்கு வழங்கியது. இங்கிலாந்தில் சில ஆயிரம் பேர் இந்தப் பெயரோடு இருக்கிறார்கள்."

கோழை என்ற சொல்லுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். அது பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்தது, வால் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. வாலைக் காலுக்குள் சுருட்டிக்கொண்டு ஓடுகிற மிருகத்தை நினைத்துச் சொன்னது. இரண்டும் எங்கெங்கோ பிறந்து, வந்து ஒரே எழுத்தில் நின்றுகொண்டன. சொல்லும்போது மேடம் அழுதார். அன்றைக்கு அந்தப் போனை எடுக்காமல் இன்னொரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார்.

அந்தச் சில ஆயிரம் பேரை நினைத்துப் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் தினமும் வாத்தியார் அந்தப் பெயரைக் கூப்பிட்டிருப்பார். மற்ற பிள்ளைகள் சிரித்திருக்கும். அவன் எழுந்து உள்ளேன் ஐயா என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பான். பிறகு கல்யாணப் பத்திரிகையில் அதே பெயரைப் போட்டிருப்பான், வந்த பெண்ணும் அதையே தன் பெயராக வைத்துக்கொண்டிருப்பாள். ஆயுசு முழுக்க அவர்கள் சுமக்கிறதை உன்னால் ஒரு சாயங்காலம் சுமக்க முடியவில்லை.

இன்னொன்று. எங்கள் ஊர்க் கிழவி ராமாயி, கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்திருந்தாள். உங்கள் பக்கம் பந்தயம் நடக்கிற இடமெல்லாம் வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவள். கையைப் பார்த்துவிட்டு, எந்தப் பாவி என்று கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஏய்யா, அந்தத் தம்பியா? நான் கூடையோட குறுக்க போயிட்டேன். மாடு ரெண்டும் எம்மேல ஏறியிருக்கும். அந்தத் தம்பி கவுத்த இழுத்து வண்டியவே ஓரத்துல சாச்சுட்டாரே. ஜெயிக்க வேண்டிய வண்டிய்யா அது" என்றாள்.

முதல் கடிதத்தில், வண்டி தோற்றது, அதை விடு என்று எழுதியிருந்தாய். இதைத்தான் விடச் சொன்னாயா? ஓடுகிற மாட்டை எட்டு ஊர் சனத்துக்கு முன்னால் ஒரு கிழவிக்காக நிறுத்தத் தெரிந்தது. அன்று சாயங்காலமே உன் கையை எனக்காக நிறுத்தத் தெரியவில்லை. ராமாயியின் உயிர் பெரிது, என் கை சின்னது என்று வைத்துக்கொண்டாலும் எனக்கு ஆறவில்லை. எனக்கு வருகிற ஆத்திரத்தில் உன்னை நானே வெட்டிவிடுவேன். வலது கை இருந்தால்.

கேஸை வாபஸ் வாங்கச் சொல்லி உன் மாமா ஆள் அனுப்பியிருந்தார். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கோர்ட்டுக்கு வருவேன். கையைத் தூக்கிக் காட்டி, இவர்தான் என்று உன்னைச் சொல்வேன். அது வரை நீ உயிரோடு இருக்க வேண்டும். அதற்காகவாவது தாராபுரத்துக்குப் போய்த் தொலை.

மாரிச்செல்வம்


23.9.2005
கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் அருகிலிருந்து

தரணி,

அருண்பாண்டி வீட்டில் இல்லை. கூரை எரவாணத்தில் சொருகியிருந்த அரிவாளும் இல்லை. உன் வீட்டுக்கு மூன்று தடவை போன் செய்தேன். உன் அப்பா எடுக்கிறார், என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார். பேசக் கூசுகிறதோ என்னவோ. கம்பெனிக்குச் செய்தேன், மாரி என்று சொன்னதுமே துண்டித்துவிட்டார்கள். நாகஜோதிக்கு இது எட்டாவது மாதம், நேற்றிலிருந்து வலி, விட்டுவிட்டு என்னால் பஸ் ஏற முடியவில்லை.

விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். நிற்காதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன், ஓடிப் போய்விடு. அவனைக் கொலைகாரன் ஆக்கிவிடாதே.

மாரி


14.10.2005
பொங்கலூர்

மாரிச்செல்வம் அவர்களுக்கு,

அருண்பாண்டி நல்லபடியாக வந்து சேர்ந்தார் என்று நீங்கள் போனில் அப்பாவிடம் சொன்னீர்களாம். அன்றைக்கு அப்பா போனை வைக்கவில்லை, முழுக்கக் கேட்டார். உங்களுக்குப் பெண் குழந்தை என்றும் அவர்தான் சொன்னார். நடந்ததை உங்கள் தம்பி எப்படிச் சொன்னாரோ தெரியாது. நான் என் வாயால் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் எல்லாம் முடிந்து மறுநாள்தான் என் கைக்கு வந்தது.

பொழுது சாய்கிற நேரம். மயிலையின் புண்ணை வேப்பந்தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தேன். சோளக்காட்டுக்குள்ளிருந்து உங்கள் தம்பி வந்தார். "எங்கண்ணன் கையைப் பொசுக்குன கை எதுலே? அதை நீட்டு" என்றார். நான் நீட்டவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்த அரிவாளை எடுக்கத் திரும்பினேன். வெட்டு இடது தோளில் விழுந்தது. எலும்பில் பட்ட சத்தம் எனக்கே கேட்டது. அதற்குள் அரிவாள் என் கைக்கு வந்துவிட்டது. அவர் வெட்டிய வேகத்தில் முன்னால் சாய்ந்து நின்றார். கழுத்து எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

உங்கள் கடிதம் நினைவுக்கு வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. பயம்தான் வந்தது. அவர் என்னை வெட்டிவிடுவார் என்று ஒரு பயம். நான் அந்தக் கழுத்தை வெட்டிவிடுவேன், பிரஸ்ஸை இறக்கியபோது வந்த அதே நிம்மதி மறுபடி வரும் என்று இன்னொரு பயம். அதுதான் பெரிதாக இருந்தது. அரிவாளைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டு ஓடினேன்.

ஊர் முழுக்கப் பார்த்தது. "கவர்டு ஓடறானுங்க, பாருங்க" என்று யாரோ கத்தினார்கள். பிறகுதான் எனக்குப் பின்னால் அரிவாளோடு வருகிறவரைப் பார்த்திருக்கிறார்கள். கந்தவேல் முன்னால், மற்றவர்கள் தடியும் கடப்பாரையுமாக, உங்கள் தம்பியைத் துரத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். நான் ஊருக்குள் திரும்பியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் உங்கள் தம்பியை அடித்தே கொன்றிருப்பார்கள். அது பாதி தூரம் ஓடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அது வரை வெறும் பயத்தில் ஓடினேன். அதற்குப் பிறகு ரோட்டைப் பார்த்து ஓடினேன்.

ரோட்டுக்கு வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது, அரிவாளை ஓங்கக்கூடத் தெம்பில்லை. எனக்குச் சட்டை முழுக்க ரத்தம். பல்லடம் போகிற பஸ் வந்தது. கை காட்டி நிறுத்தினேன். விசில் கிழித்த தழும்போடு அதே கண்டக்டர் படியில் நின்றிருந்தான்.

"தம்பி, ஏறுங்க" என்றேன்.

"உன்னைய விட மாட்டேம்ல. திரும்பி வருவேன்" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார்.

"வாங்க. நான் எங்கயும் போக மாட்டனுங்க. இப்ப ஏறுங்க, அவங்க வந்தா உங்களக் கொன்னுருவாங்க."

அரிவாளை வேலிக்குள் எறிந்துவிட்டு ஏறினார். கண்டக்டர் என் தோளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் விசில் கொடுத்தான். கந்தவேல் வந்து, "எங்கடா அவன்?" என்றான். யாருங்க என்று கேட்டேன். கம்பி வேலியில விழுந்துட்டனுங்க என்றேன். போலீசிலும் அதைத்தான் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. ஆனால் எழுதிக்கொண்டார்கள்.

இருபது தையல். கையைத் தூக்க முடிகிறது. உங்களைப் போல இல்லை, என் கை பிழைத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிறையிலிருந்து வந்ததிலிருந்து என்னோடு பேசாதவர். "ஓடுனது போதும். மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்றார். நான் போனபோது மயிலை மூன்று காலில் எழுந்து நின்றுகொண்டிருந்தது.

வக்கீலிடம் சொல்லிவிட்டேன். கோர்ட்டில் நான் எதையும் மறுக்கப் போவதில்லை. நீங்கள் வாருங்கள், கையைத் தூக்கிக் காட்டுங்கள், இவன்தான் என்று சொல்லுங்கள். ஆமாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறேன். மன்னித்துவிடுங்கள் என்று இப்போதும் எழுத வரவில்லை. எந்த மூஞ்சியோடு கேட்பது என்று தெரியவில்லை.

ஊரில் எனக்குப் பழைய பெயர் இனி திரும்பாது. முன்பு வேண்டுமென்று சொன்னார்கள், இப்போது பழக்கத்தில் வருகிறது. அம்மா ரேஷன் கடைக்குப் போனால் கவர்டு அம்மா. மாட்டு டாக்டர் வழி கேட்டால் கவர்டு ஊடு என்று கை காட்டுகிறார்கள். அந்த வெள்ளைக்காரர்களுக்கும் முதலில் யாரோ ஒருத்தனை இப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இந்துமதி மேடத்திடம் பேசினால், அந்தச் சில ஆயிரத்தில் எங்கள் வீட்டில் மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

குழந்தைக்குப் பெயர் வைத்ததும் எழுதுங்கள். முகவரியில் கோவார்டு வீடு என்று போட்டால் போதும். தபால்காரர் அதைக் கவர்டு என்றுதான் படிப்பார். ஆனாலும் இங்கேதான் கொண்டுவந்து கொடுப்பார்.

தரணீதரன்